உலையில் அரிசி போட்டது யார்

"மிஸ், அந்த வருசம் மட்டும் படுவான்கரைச் சனம் நல்லா இருந்திருக்குப் போல" என்று துஷாந்தினி போனில் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

அவள் மேல் பிழை இல்லை. யுத்தம் முடியும்போது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. நான் ஓய்வு பெற்ற புள்ளிவிபரக் கிளையில் இப்போது வேலை செய்கிறாள். வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமக் குடும்பங்களின் வருமானம் இத்தனை காலத்தில் எப்படி ஏறி இறங்கியது என்று வரைபு கீறச் சொல்லியிருக்கிறார்கள். பழைய அட்டவணைகளைக் கணினியில் ஏற்றிக் கோடு இழுத்தால், யுத்தத்தின் நடுவில் ஒரு வருடம் கோடு திடீரென்று மேலே போய், அடுத்த வருடமே விழுகிறதாம், மாட்டின் திமில் மாதிரி.

கொஞ்சம் ஆறியபின் நானே போன் எடுத்தேன்.

"கணினி என்ன சொல்லுது?"

"அந்தப் புள்ளிய விலக்கிப்போட்டுக் கோட்டை நேராக்கலாமாம் மிஸ். இல்லாட்டி அப்பிடியே விடலாம்."

விலக்கினால் அந்த வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். விட்டால் சனம் வசதியாக இருந்தது என்று ஆகிவிடும். இரண்டுமே பொய். அந்தத் திமில் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். எழுத்து எனக்கு வராது. ஆனாலும் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது கொழும்பில் சில வாரம் பயிற்சி தந்தார்கள். அதில் நினைவில் நிற்பது ஒன்றுதான். குடித்தனம் என்றால் என்ன? சேர்ந்து இருந்து, ஒரே உலையில் சமைத்து, சேர்ந்து செலவழித்து வாழ்பவர்கள். இதை மனப்பாடம் பண்ண வைத்தார்கள். ஒரு கூரையின் கீழ் இரண்டு உலை என்றால் இரண்டு குடித்தனம். இரண்டு கூரை, ஒரு உலை என்றால் ஒரு குடித்தனம். சமாதான காலத்துக்கு நல்ல விதிதான்.

மிச்சத்தை ஹனீபா சேரிடம் படித்தேன். அவர்தான் எங்கள் கிளையின் பொறுப்பதிகாரி. ஏறாவூர்க்காரர். சத்தம் போடமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் அவருக்குக் கோபம் என்று அர்த்தம். துடைத்து முடிக்கும் வரைக்கும் எங்களுக்கு மூச்சு வராது.

வருமானத்தை எப்படிக் கேட்பது என்று அவர் ஒரு முறை வைத்திருந்தார். "எவ்வளவு வருமானம்?" என்று யாரிடமும் கேட்கக்கூடாது. கேட்டால் பொய்தான் வரும். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எங்கிருந்து வந்தது என்று தொடங்கவேண்டும். வாவியில் பிடித்த மீனில் விற்றது போகக் கறிக்கு எடுத்ததையும் விலை போட வேண்டும். வட்டை வயலில் வெட்டின நெல்லில் நிலச்சொந்தக்காரப் போடியாருக்குப் போனது, விதைக்கு வைத்தது, குத்திச் சாப்பிட்டது எல்லாம் தனித்தனி. வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பினாள் என்றால் எத்தனை மாதத்துக்கு ஒருக்கால் என்று கேட்க வேண்டும். இப்படிப் பொறுக்கிச் சேர்த்தால்தான் ஒரு வீட்டுக்கு ஒரு தொகை வரும்.

அந்தத் தொகைகளைக் கூட்டிப் பிரித்துச் சராசரி எடுக்க அவர் விடமாட்டார். "ஒரு மில் முதலாளி இரிந்தா காணும், ஊரையே பணக்காரர் ஆக்கிப்போடுவார்" என்பார். எங்களுக்கு வேண்டியது இடையம். வீடுகளை ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசையாக நிறுத்தினால் சரி நடுவில் நிற்கும் வீடு. அதைக் கண்ணால் பார்க்கவேண்டும் அவருக்கு. அலுவலகத்தில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குக் கயிறு கட்டியிருந்தார். ஒவ்வொரு வீட்டின் தொகையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் கயிற்றில் கொழுவுவோம். குறைந்தது இடப்பக்கம், கூடினது வலப்பக்கம். முடிந்ததும் இரண்டு பேர் இரண்டு கோடியிலிருந்தும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வருவோம். கடைசியில் நடுச்சீட்டு தனியாகத் தொங்கும்.

அதற்குப் பிறகுதான் அவர் கேள்வி.

"இது ஆர்ர வீடு? சொல்லுங்க பாப்பம்."

அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன தொழில், கூரை என்ன, கிணறு உண்டா, எல்லாம் சொல்லவேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அந்த இலக்கம் போகாது. திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வாவிக்குக் கிழக்கே, நாங்கள் இருக்கும் எழுவான்கரை ஆமியிடம். மேற்கே படுவான்கரை பெடியளிடம், அதாவது இயக்கத்திடம். நடுவில் தண்ணீர். படுவான்கரைச் சனத்துக்குக் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம் வழியாக நிவாரண அரிசி போய்க்கொண்டிருந்தது. அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு பிரிவின் இடைய வருமானம் அவர்கள் கீறிய கோட்டுக்கு மேலே போனால் அந்தப் பிரிவுக்கு நிவாரணம் நிற்கும். தனித்தனி ஆட்களைப் பார்க்கமாட்டார்கள். பிரிவுக்கே நிற்கும்.

அந்தப் பிரிவில் எங்களால் போகமுடிந்தது ஒரே ஒரு ஊருக்கு. வாவிக்கரை ஊர். பெயர் எழுதமாட்டேன். சின்ன ஊர், எல்லா வீட்டையும் எழுதிவிடலாம். அந்த ஊரின் நடுச்சீட்டுத்தான் முழுப் பிரிவுக்கும் இலக்கம். ஹனீபா சேர் அங்கே போகமுடியாது. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்குள் ஒருவர் கால் வைக்கப் பயந்த காலம் அது. குலேந்திரன் போனான். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன், ஒழுங்கானவன். ஒரு வீட்டையும் விடாமல் எழுதிக்கொண்டு வந்தான். முதல் அறிக்கை உடனே வேண்டும் என்று மேலிடம் நச்சரித்ததால், இந்த ஒரு முறை மட்டும் நடுத்தொகையைத் தாளிலேயே பார்த்துத் தந்தி மாதிரி அனுப்பிவிட்டுப் பிறகுதான் கயிற்றில் கொழுவினோம்.

சேர் கயிற்றைப் பார்த்தபடி நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன, கயிறு மிஞ்சிக் கிடக்கு?"

உண்மைதான். போன முறை சுவருக்குச் சுவர் சீட்டு நிறைந்திருந்தது. இந்த முறை பாதிதான்.

"சனம் வெளிக்கிட்டிட்டா குலேந்திரன்?"

"இல்ல சேர். ஆள் கணக்கு கிட்டத்தட்ட அதேதான். வீடுதான் குறைஞ்சிரிக்கு."

"சனம் அப்பிடியே இரிக்கு, வீடு குறைஞ்சிரிக்கு, வருமானம் கூடியிரிக்கு" என்றார் சேர். "யுத்தத்துக்குள்ள. நல்ல ஊர்தான். இந்த நடுச்சீட்டு ஆர்ர வீடு?"

"பூமணி எண்ட ஒரு அம்மா. வீடு நிறைய ஆக்கள். மூண்டு பேர் உழைக்கிறாங்க."

"அடுப்படிக்குப் போனீங்களா?"

"வாசல் படலையடியில நிண்டு கேட்டன் சேர். பொம்பிளையள் இருக்கிற வீட்டுக்குள்ள நான் எப்பிடிப் போறது?"

சேர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்க போய் அந்த அடுப்பப் பாத்திட்டு வாங்க."

என்னைப் போய்ப் பயணம் போகச் சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்தது. வீட்டில் கைக்குழந்தை. ஆனாலும் போனேன்.

மண்முனைத் துறையில் அப்போது பாலம் கிடையாது. வண்டியும் சனமும் ஏறும் தட்டையான மிதவையை வடம் பிடித்து இழுப்பார்கள். அதை நாங்கள் பாதை என்போம். இந்தப் பக்கம் ஆமியின் சோதனை, அந்தப் பக்கம் பெடியளின் சோதனை. இரண்டு பக்கமும் என் பையைக் கொட்டி, என் கேள்விக் கொத்தைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார்கள்.

பூமணியின் வளவில் மூன்று வீடுகள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மூத்தவளுக்கு ஒன்று, அடுத்தவளுக்குப் பக்கத்தில் இன்னொன்று என்று தாய் வளவிலேயே கட்டிக் கொடுப்பார்கள். பூமணி மூத்தவள், அடுத்தது இராசாத்தி, கடைசி செல்வி. மூன்று வீட்டிலும் தனித்தனி அடுப்படி இருந்தது. இரண்டு அடுப்படியில் சாம்பல்கூட இல்லை. பூமணியின் அடுப்பில் மட்டும் பெரிய பானை கொதித்தது.

"ஏன் சேத்துச் சமைக்கிறீங்க?"

"புகைதான் மிஸ்" என்றாள் பூமணி. வாவிக்கு அந்தப்புறம் கையைக் காட்டினாள். மரங்களுக்கு மேலே ஆமியின் காவல் கோபுரம் தெரிந்தது. "புகை கூடினா பெடியள் முகாம் போட்டிருக்காங்க எண்டு நினைச்சு அடிப்பாங்களாம். வளவுக்கு ஒரு அடுப்புத்தான் எண்டு ஊரே பேசி வைச்சிரிக்கம்."

அது உண்மையோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஊர் நம்பியது. அது போதும்.

சோறு வடித்தார்கள். பிள்ளைகள் கோப்பையோடு வந்து குந்தின. இரண்டு பிள்ளைகள் மட்டும் கிணற்றடியிலேயே நின்றன. சோற்றைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டன.

"அதுகள் சாப்பிடல்லயா?"

"வயித்துக்குத்து" என்றாள் செல்வி. முன்னால் பாதி இழைத்த பன்பாய் கிடந்தது. தலை நிமிரவில்லை.

"ரெண்டுக்குமா?"

பூமணி வெடித்தாள். "அவ இண்டைக்கு உலையில அரிசி போடல்ல மிஸ். பாய் விக்கல்ல. அரிசி முடிஞ்சிட்டு. அதுதான் வயித்துக்குத்து. நான் வேணாமெண்டா சொன்னன்? காலமையிலிருந்து கூப்பிடுறன். வரமாட்டாளாம். ரோசம்!"

"எனக்கு ஒரு ரோசமும் இல்ல" என்றாள் செல்வி. "ஒங்கட புள்ளையளுக்கே காணாது."

செல்வியின் புருஷன் ஒரு நாள் சந்தைக்குப் போனவன். வரவில்லை. பூமணியின் புருஷன் வாவியில் வலை போடுவான், ஆமி விட்டால். இராசாத்தி போடியாரின் வட்டையில் கூலிக்குப் போவாள். மூவரும் தங்கள் அரிசியைத் தங்கள் வீட்டுப் பானையில் வைத்திருந்தார்கள். காலையில் சுண்டால் அளந்து கொண்டுவந்து ஒரே உலையில் போடுவார்கள். அவ்வளவுதான் சேர்மானம்.

நான் மூன்று அடுப்படியையும் திரும்பத் திரும்பப் பார்த்ததைப் பூமணி பார்த்துவிட்டாள்.

"என்ன மிஸ், அடுப்பையே எண்ணுறீங்க? அரிசிய வெட்டப்போறாங்க எண்டு கதை அடிபடுது. அடுப்பு கூட இரிந்தாத்தான் அரிசி தருவீங்களோ?"

பதிலால் என்ன நடக்கும் என்று விபரம் தருபவரிடம் சொல்லக்கூடாது. அது எங்கள் தொழிலின் முதல் கட்டுப்பாடு. "என்னால ஒண்டும் சொல்லேலாது" என்றேன்.

"சொல்லாட்டியும் விளங்கும்" என்றாள்.

அலுவலகத்தில் நான் சொன்னதைக் கேட்டு ஹனீபா சேர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. கதிரையில் இருந்துவிட்டார்.

"மூண்டு வீட்டுப் பசிய ஒரு பானைக்குள்ள போட்டிட்டு, இஞ்ச ஒரு வசதியான வீடு இரிக்கு எண்டு எழுதி அனுப்பியிரிக்கம்."

"வரைவிலக்கணம் அப்பிடித்தான சேர் சொல்லுது" என்றான் குலேந்திரன். அவன் முகம் செத்திருந்தது.

"சேந்து சமைச்சு எண்டும் சொல்லுது. சேந்து செலவழிச்சு எண்டும் சொல்லுது. நாம முதல் பாதியோட நிண்டிட்டம்." ஒரு தாளை எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். உலையில் இன்று அரிசி போட்டது யார்? போடாதவர் சாப்பிட்டாரா? "நாளைக்கு ரெண்டு பேரும் போங்க. முழு ஊரையும் இந்தக் கேள்வியோட திரும்ப எழுதுங்க."

"மேலிடத்தில கேக்காமக் கேள்வி மாத்தினா..."

"கேட்டா மறுமொழி வரக்குள்ள அரிசி நிண்டிரும். ஒப்பம் என்ட. ஒங்கட பேர் வராது."

மறுநாள் காலை துறைக்குப் போய் வாவியைப் பார்த்தேன். அந்தக் கரை முழுக்கப் புகை. ஒவ்வொரு வளவிலிருந்தும் இரண்டு, மூன்று என்று நேராக எழும்பி நின்றது.

பூமணி ஊருக்குச் சொல்லிவிட்டாள். அடுப்பை எண்ண வருகிறார்கள் என்று ஊரே அடுப்பு மூட்டிவிட்டது.

காவலில் நின்ற சிப்பாயும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் வோக்கி. கொஞ்சம் தமிழ் தெரிந்தவன்.

"நோனா, அங்க என்ன? நெருப்பு நிறைய."

"பொங்கல் மாத்தயா" என்றேன். வாய் தானாகச் சொன்னது. "அம்மன் கோயில் சடங்கு. எல்லாரும் பொங்குறாங்க."

"பொங்கல் தை மாசம்தானே?"

எங்கிருந்தோ அதையும் படித்து வைத்திருந்தான். "தை மாசம் சூரியனுக்கு. இது அம்மனுக்கு. அம்மன் கோவக்காரி, பிந்தினா அம்மை போட்டிரும்."

அவன் சிரிக்கவில்லை. வோக்கியில் சிங்களத்தில் பேசினான். நடுவில் பொங்கல் என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. பிறகு கையை வீசிப் போகச் சொன்னான்.

பாதை நகர்ந்தது. "அவன் கோயில்ல விசாரிச்சா?" என்று குலேந்திரன் காதுக்குள் கேட்டான்.

"வாய மூடிக்கொண்டு வடத்தப் பிடி" என்றேன்.

நடு வாவியில் போகும்போது நகரப் பக்கமிருந்து கெலிகொப்டர் சத்தம் கேட்டது. வடம் இழுத்தவர்கள் நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். இழுங்க என்று கத்தினேன்.

ஊருக்குள் ஓடினோம். பச்சை விறகும் ஈரத் தென்னம் மட்டையும் வைத்து எரித்ததில் கண் திறக்க முடியவில்லை. பூமணியின் வளவில் மூன்று அடுப்பும் எரிந்தன. மூன்றிலும் பானை. நான் ஒரு மூடியைத் திறந்தேன். வெறும் தண்ணீர். மற்றதிலும் தண்ணீர். மூன்று உலைக்குப் பிரித்துப் போட யாரிடமும் அரிசி இல்லை.

"அணையுங்க! கெலி வருது, சத்தம் கேக்கல்லயா?"

பூமணி அடுப்புக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். "முதல் எழுதுங்க. எழுதினாத்தான் அணைப்பம்."

"அடுப்ப எழுத வரல்ல அம்மா! ஒங்கட அரிசிய எழுத வந்திரிக்கம். அடுப்பு ஒண்டெண்டாலும் மூண்டெண்டாலும் எங்களுக்கு ஒண்டுதான்!"

"நேத்து அடுப்பத்தான் பாத்தீங்க. இண்டைக்கு அரிசியெண்டுறீங்க. நாளைக்கு என்னத்த எண்டுவீங்க? ஒங்கட கதைய நம்பி நாங்க எத்தின தரம் ஏமாந்திரிக்கம்?"

அவளை அறையவேண்டும் போல இருந்தது. அவள் சொன்னதில் பிழையும் இல்லை. வேலிக்கு வெளியே ஊர் கூடிவிட்டது. எல்லோர் கண்ணும் என் கையில்.

நான் முற்றத்தில் குந்தினேன். சத்தம் போட்டே கேட்டேன், சத்தம் போட்டே எழுதினேன். "பூமணி. நேத்து உலையில எத்தின சுண்டு போட்டீங்க? ஆர்ர அரிசி? எங்க வைச்சிரிக்கீங்க? இது ஒரு குடித்தனம். இந்தா, தனிப் படிவம். இராசாத்தி. இது ரெண்டாவது. செல்வி, நேத்து எத்தின சுண்டு போட்டீங்க?"

செல்வி பிள்ளைகளைத் தனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க."

"போடல்ல."

"புள்ளையள் திண்டிச்சா?"

"இல்ல." ஊருக்கு முன்னால் அதைச் சொல்ல வைத்தேன். அவள் முகத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. "இது மூண்டாவது குடித்தனம்" என்று எழுதி, தாளைத் தூக்கி வேலிப்பக்கம் காட்டினேன்.

கெலி தலைக்கு மேல் வந்துவிட்டது. தென்னோலை எல்லாம் படுத்து எழும்பியது. பூமணி பானையைத் தூக்கினாள். கொதிக்கிற தண்ணீரை அடுப்பில் அப்படியே கவிழ்த்தாள். பக்கத்து வளவிலும் சுர்ரென்று சத்தம். அதற்கடுத்த வளவிலும். ஒழுங்கை முழுக்க அடுப்பு அணைந்துகொண்டு போனது. நாங்கள் மரத்தடியில் பிள்ளைகளின் தலையை அமர்த்திப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். கெலி ஊரைச் சுற்றியது, திரும்பச் சுற்றியது. பிறகு வாவிக்கு மேலே போய்விட்டது. ஏன் வந்தது, ஏன் போனது, பொங்கல் என்ற பொய் உதவியதா, எனக்குத் தெரியாது.

குலேந்திரன் எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு அடுத்த வளவுக்குள் போனான். இந்த முறை அடுப்படி வரைக்கும் போனான்.

கயிறு மறுபடி சுவருக்குச் சுவர் நிறைந்தது. பூமணியின் சீட்டு நடுவுக்குக் கொஞ்சம் மேலே. செல்வியின் சீட்டு இடக்கோடியில். நடுச்சீட்டின் தொகை முதல் இலக்கத்தில் பாதிகூட இல்லை. சேர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கச்சேரிக்குத் தானே போனார். நிவாரணம் நிற்கவில்லை. மேலிடத்திலிருந்து அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அனுமதி இல்லாமல் கேள்வி மாற்றியதற்கு அவரது சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் அதே மேலிடம் அதே கேள்வியைத் தன் கேள்வி மாதிரி எல்லாப் படிவத்திலும் அச்சடித்து அனுப்பியது. சேர் அதை வாசித்துவிட்டு, "பரவாயில்ல, எழுத்துப் பிழை இல்லாமப் போட்டிருக்காங்க" என்றார். அவர் இப்போது இல்லை.

ஆனால் அந்த வருட அட்டவணைப் புத்தகம் நாங்கள் திரும்ப எழுத முன்னமே அச்சுக்குப் போய்விட்டது, முதல் இலக்கத்தோடு. அதைத் திருத்த யாருக்கும் கை வரவில்லை. துஷாந்தினியின் திமில் அதுதான். மூன்று வீட்டுக்காரர் பயத்தில் ஒரு பானையில் சமைத்த வருடம்.

அன்று போனில் இதெல்லாம் சொல்லி முடித்தபோது அவள் கேட்டாள், "ரெண்டாவது இலக்கத்துக்கு ஆதாரம் வேணுமே மிஸ். கிளையில ஒண்டும் இல்லயே?"

"இல்ல. படிவமெல்லாம் கறையான் திண்டிட்டு. நான் இரிக்கன். குலேந்திரன் கனடாவில இரிக்கான். செல்வி அதே வளவில இரிக்கா. இப்ப பாலம் இரிக்குத்தானே, போய்க் கேள். படலையடியில நிண்டு கேக்காத."

போன கிழமை போனாள். வந்து போன் எடுத்தாள்.

"கண்டியா?"

"கண்டன் மிஸ். நான் கேக்க முதலே அவ சொன்னா, அண்டைக்கு நான் அரிசி போடல்ல எண்டு. ஊருக்கு முன்னால சொல்ல வைச்ச கோவம் உங்களோட இன்னும் போகல்ல." பிறகு சொன்னாள், "அட்டவணையில ரெண்டாவது இலக்கத்தப் போட்டு, கீழ குறிப்பும் எழுதுறன். ஏத்துக்கொள்ளாட்டி அந்த வருசத்த வெறுமையா விடுறன். நல்லா இருந்தாங்க எண்டு போடமாட்டன்."

"சரி."

"பூமணியம்மா காலமாயிட்டாவாம். ஆனா அந்த வளவில இப்பவும் மூண்டு அடுப்பு எரியுது மிஸ். புகையெண்டாப் புகை, கண்ணத் துறக்கேலாது."

"எரியட்டும்" என்றேன். "மூண்டெண்டு எழுது."